பந்தியில் எழுப்பியவள்

ஈச்சங்குளத்திலும் அதைச் சுற்றியிருக்கிற பட்டிதொட்டியிலும் கல்யாணச் சமையல் என்றால் பஞ்சவர்ணம் என்று இருந்த காலம் அது. ஆம்பளை மாஸ்டர்கள் மட்டுமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த தொழிலில், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கி, தனக்கென்று பெண்களாகவே ஒரு செட்டுச் சேர்த்து, அண்டா அண்டாவாக ஆக்கி இறக்கி, அவள் வைக்கிற ரசத்துக்காகவே ரெண்டாம் தடவை பந்தியில் வந்து உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்கள் எல்லாம் உண்டு என்கிற அளவுக்குப் பேர் வாங்கியிருந்தாள். அப்படி வாங்கிய பேர், வைகாசி மாதத்துக் கல்யாணம் ஒன்றில், ஒருத்தன் கொட்டாவி விட்டு முடிக்கிற நேரத்துக்குள் போய்விட்டது.

போன விதத்தைச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் பூட்டு ரிப்பேர் பார்க்கிற சீனிச்சாமி, பார்வை கொஞ்சம் மங்கலான பெரியவர், தோள்பட்டையில் கிழிந்த சட்டையோடு பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்த நேரம், பந்தல் கீற்றிலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு பூரான் அவர் இலையில், பொரியலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் அவரவர் இலையில் குனிந்திருக்க, எதிர் வரிசையில் நின்ற பஞ்சவர்ணம் பார்த்துவிட்டாள். பூரான் என்று கத்தினால் பந்தியே எழுந்து ஓடும், கத்தாவிட்டால் பெரியவர் பூரானையும் சேர்த்துப் பிசைந்துவிடுவார், உட்கார்ந்து யோசிக்க அங்கே நேரமா இருந்தது, பாய்ந்து போய் இலையைச் சோற்றோடு வெடுக்கென்று இழுத்தாள். சீனிச்சாமி கையில் கவளத்தோடு பதறிப்போய்ப் பாதி எழுந்து நின்றார். அப்புறம் அவள் பூரானை மிதித்துத் தள்ளிவிட்டு, புது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே என்று அவர் காதோடு சொல்லி, எதிரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்பிலிருந்து பாயசம் வரைக்கும் தன் கையாலேயே மறுபடி பரிமாறினாள். பெரியவர் வயிறாரச் சாப்பிட்டு, அவளை வாழ்த்திவிட்டுத்தான் போனார்.

இத்தனையையும் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா மகன் சரண்ராஜ் தன் போனில் பிடித்தான். அவன் வாழைமரம் கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தவன்; அவனுக்கென்று ஒரு பேஜ் இருந்தது, அந்தப் பேஜுக்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. இலையை இழுக்கிறாள், பெரியவர் பதறி எழுகிறார், அதோடு நறுக்கிவிட்டான். புது இலையும் பரிமாறலும் இருந்தால் யார் பார்ப்பார்கள், போரடிக்கும் என்பது அவன் கணக்கு. பின்னால் ஒரு அழுகைப் பாட்டைச் சேர்த்து, 'கிழிஞ்ச சட்டைக்குப் பந்தியில இடமில்லையாம்' என்று மேலே எழுதி, பந்தி கலைவதற்குள் ஏற்றிவிட்டான்.

நம் ஜனங்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. அடித்தவனைக்கூட மன்னிப்பார்கள், சொத்தைச் சுருட்டியவனோடுகூட ஒரு நாள் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள், ஆனால் இலையில் கை வைத்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பினவளை ஏழு ஜென்மத்துக்கும் விடமாட்டார்கள். அண்டா கழுவி முடிவதற்குள் அந்த வீடியோ மதுரையைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, கடலையும் தாண்டிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். அந்தக் கை அழுகிப்போக என்றார்கள், அவளுக்கு வாய்க்கரிசி கிடைக்காமல் போக என்றார்கள், யாரென்றே தெரியாத ஒரு பொம்பளையை, சாப்பிட்டுக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் கக்கூஸில் உட்கார்ந்துகொண்டும் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள்.

போனார்கள், ஆனால் அவர்கள் பார்த்த பார்வை போகவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் டீ போட எழுந்து அடுப்படி லைட்டைப் போட்டபோது, சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கண் திறந்திருந்தது. பல்லியாக்கும் என்று நினைத்துக் கையை ஓங்கினாள். அது இமைத்தது. சரி, கண்தான் என்று டீயைப் போட்டுக் குடித்தாள். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் இன்னும் ரெண்டு திறந்தன, மத்தியானத்துக்குள் அடுப்படிச் சுவர் முழுக்கக் கண்ணாகிவிட்டது, சாயங்காலம் அது முற்றத்துச் சுவருக்கும் பரவியது. மை தீட்டிய கண், புரை விழுந்த கண், மாலைக்கண், பூனைக்கண், நீல லென்ஸ் போட்ட கண், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் துறுதுறு கண் என்று எல்லாம் கலந்து கிடந்தன. துபாய்க் கண்கள் கொஞ்சம் பிந்தி விழித்தன. அமெரிக்கக் கண்கள் நம் ஊர்ப் பகலில் தூங்கிவிட்டு, அவள் கட்டையைச் சாய்க்கிற நேரம் பார்த்து முழித்துக்கொண்டன. அவள் தலைமாட்டில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கினாள்.

ஈச்சங்குளம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், கொஞ்ச நாளிலேயே பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், மின்சார வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், நடுச்சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது என்பதால் இமைமுடி தன் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தால் பேரூராட்சியில் மனுக் கொடுப்பேன் என்றார். பேரூராட்சியில் இருந்து ஒருத்தர் வந்து பார்த்து, கண் என்பது ஜன்னல் கணக்கில் வருமா வராதா என்று தலையைச் சொறிந்துகொண்டு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். வெள்ளையடிக்க வந்த ஆள் ஒரு கோட்டுச் சுண்ணாம்பு அடித்தான். கண்கள் கொட்டிக் கொட்டிச் சுண்ணாம்பை உதிர்த்துவிட்டு, செக்கச்செவேலென்று அவனை முறைத்தன. அவன் வாளியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். தெருப் பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கண்களுக்கு வேடிக்கை காட்டினார்கள், யார் முதலில் இமைப்பது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரோடு போட்டி போட்டார்கள். குளிக்கிற மறைப்பில் முளைத்திருந்த ஒன்றிரண்டு கண்களைப் பஞ்சவர்ணம் பழைய பிளாஸ்டர் ஒட்டி மூடியிருந்தாள், அவை என்ன கண்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் திருஷ்டி, சுற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று தெருவே கூடி முடிவெடுத்தது. உப்பும் மிளகாயும் கொண்டுவந்தார்கள், பூசணிக்காயில் குங்குமம் தடவிக் கற்பூரம் ஏற்றினார்கள், பஞ்சவர்ணத்தைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து வலமும் இடமும் சுற்றி, முச்சந்தியில் பூசணியைப் போட்டு உடைத்தார்கள். காலங்காலமாகச் செய்கிற முறைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சுற்றிப் போடுகிறதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அத்தனை பேரும் அதை ஏற்றினார்கள், திருஷ்டி கழிக்கிறதைப் பார்க்கவென்று உலகத்துத் திருஷ்டி எல்லாம் திரண்டு வந்தது. மறுநாள் தெருப்பக்கச் சுவரும் மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் கண்ணாகிவிட்டன. அதற்கப்புறம் வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து சுவரோரம் நின்று செல்பி எடுத்தார்கள், தெருமுனையில் புதுசாக ஒரு டீக்கடையே முளைத்தது.

எல்லாரும் வந்தார்கள், ஒருத்தர்கூட அவளைச் சமைக்கக் கூப்பிடவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. கண் முளைத்தால் முளைத்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு அடுப்பு எரிய வேண்டும். ஒவ்வொரு கல்யாண வீடாகப் போன் போட்டு, மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி பேசுகிறார்கள் அக்கா, வளைகாப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்று நைசாகக் கழன்றுகொண்டது. செட்டுப் பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். சீனிச்சாமி தன்னால் ஆனமட்டும் பஸ் ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, அந்தத் தாய் என்னை எழுப்பவில்லை அய்யா, காப்பாற்றினாள் என்று சொன்னார். அதையும் ஒருத்தர் வீடியோ எடுத்துப் போட்டார். அதை நாலு பேர் பார்த்தார்கள். அதிலும் ரெண்டு பேர் அப்போது பூட்டை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்கள்.

கடைசியில் ஆடிப் பந்திக்கும் ஆபத்து வந்தது. ஆடி மாதக் கோயில் கொடையன்று ஈச்சங்குளம் முழுக்க, சாதி சனம் பார்க்காமல், கோயில் பொட்டலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். அந்தச் சமையல் இத்தனை வருஷமாகப் பஞ்சவர்ணத்தின் கையில்தான் இருந்தது. அதுதான் அவள் பேருக்கு வேர். விழாக் கமிட்டிக்காரர்கள் வாசலில் நின்றபடியே, உள்ளே வராமல் சொன்னார்கள். இத்தனை கண் பார்க்கிற அடுப்படிக்காரி சமைத்தால் ஜனங்கள் இலையில் உட்காரப் பயப்படுகிறார்கள் என்றும், கண்கள் மூடினால் சமையல் உனக்கு, மூடாவிட்டால் வெளியூர் மாஸ்டருக்கு என்றும், எங்களைத் தப்பாக நினைக்காதே என்றும் சொன்னார்கள்.  அவர்கள் போன பிறகு பஞ்சவர்ணம் கவிழ்த்து வைத்த அண்டாமேல் உட்கார்ந்து, கல்யாணமான புதுசில் புருஷன் செத்தபோது அழுத மாதிரி, வாய்விட்டு அழுதாள். அத்தனை கண்ணும் அதையும் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் தங்கப்பொண்ணு ஓடி வந்தாள். செட்டில் காய் நறுக்குகிறவள். கத்தி கூர்மையா வாய் கூர்மையா என்று கேட்டால் கத்தி தோற்றுவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள் தங்கச்சிக்குக் கொஞ்ச நாளாகக் கண்ணில் புகை அடிக்கிறதாம், ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஒன்றுமில்லை என்கிறார்களாம். புகை எப்போதெல்லாம் அடிக்கிறது என்று தங்கப்பொண்ணு துருவித் துருவிக் கேட்டால், பஞ்சவர்ணம் வீட்டில் விறகு பற்றவைக்கிற நேரமெல்லாம் அடிக்கிறது. அடி நாயே, அந்த வீடியோவைப் பார்த்தியா என்று இவள் அதட்ட, எல்லாரும் பார்த்தாங்க நானும் பார்த்தேன், அது உங்க பஞ்சவர்ணக்கான்னு எனக்கெங்கே தெரியும், பாவம் கிழவனாரை எழுப்பிட்டாளேன்னு நாலு வார்த்தை எழுதிட்டு குரூப்புக்கும் அனுப்பினேன் என்று அந்தப் பக்கம் அழுகை வந்தது. தங்கப்பொண்ணு சுவரெல்லாம் தேடி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தன் தங்கச்சியின் கண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள். வலது கண், ஓரத்தில் மச்சம்.

விஷயம் இவ்வளவுதான், பார்த்தவன் கண் இங்கே இருக்கிறது, இங்கே எரிந்தால் அங்கே எரியும். தங்கப்பொண்ணுக்கு அதற்குமேல் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே போய் டப்பாவோடு குண்டு மிளகாய்ப் பொடியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரே வீச்சு அக்கா, உலகமே கண்ணைப் பிடிச்சுக்கிட்டு ஓடும் என்று நீட்டினாள். பஞ்சவர்ணம் கைநிறைய அள்ளினாள். பொய் சொல்வானேன், அவளுக்கு அப்போது வந்த கோபத்துக்கு அந்த டப்பா போதாது. கையை ஓங்கிக்கொண்டு சுவர் முன்னால் நின்றாள். அவள் முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண், அஞ்சாறு வயசுப் பிள்ளையின் கண்ணாக இருக்க வேண்டும், அம்மா போனில் எட்டிப் பார்த்த பாவத்துக்கு இங்கே வந்து மாட்டிக்கொண்டது, அவள் கையில் இருந்த சிவப்பை என்னவோ என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பொடியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"மிளகாப்பொடி குழம்புக்குடி. கண்ணுல போடுறதுக்கா நான் சமைக்கக் கத்துக்கிட்டேன்?"

தங்கப்பொண்ணு முணுமுணுத்துக்கொண்டே போனாள். பஞ்சவர்ணம் அங்கேயே நின்று கண்களைப் பார்த்தாள். அத்தனை நாளும் கண்கள் அவளைப் பார்த்தன, அவள் ஒருநாளும் அவற்றை நிதானமாகப் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இவை எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. அவள் பாத்திரம் விளக்கினால் ஒரு கொட்டாவி நேரம் பார்க்கும், அப்புறம் அலைபாய்ந்து வேறெங்கோ போய்விடும், கூப்பிட்டால் திரும்பாது, ஏனென்றால் இவற்றுக்குக் காது கிடையாது. சுவர் முன்னால் நின்று தொண்டை வற்றக் கத்திச் சொன்னாலும் ஒன்றும் ஏறாது. சொல்லிப் புரியவைக்க முடியாத கூட்டத்துக்குக் காட்டித்தான் ஆகவேண்டும், காட்டுகிற வரைக்கும் நகராமல் பிடித்து நிறுத்தவும் வேண்டும்.

மறுநாள் காலையில் செட்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டாள். ஆடிக்கென்று வாங்கிப் போட்டிருந்த சின்ன வெங்காய மூட்டைகளை முற்றத்தில் அவிழ்த்துக் கொட்டச் சொன்னாள். அருவாமனையும் கத்தியுமாக எல்லாரும் சுவரைப் பார்க்க வரிசையாக உட்கார்ந்து, உரித்து, நறுக்கி, உரித்து, நறுக்கி, கதை பேசிக்கொண்டே குவித்தார்கள். காரமான வெங்காயம், நல்ல நாட்டு வெங்காயம். முதலில் அடுப்படிக் கண்கள் கலங்கின, பிறகு முற்றத்துக் கண்கள் கலங்கின, பிறகு தெருச்சுவரும் மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தன. சுவரெல்லாம் நனைந்து, முற்றத்தில் பாதம் நனைகிற அளவுக்குக் கண்ணீர் ஓடி, வாசல் தாண்டி, சாக்கடையில் கலந்தது. நறுக்கிய பெண்களும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள், அதில் பாரபட்சமே கிடையாது.

அந்த நேரத்தில் ஊர் உலகத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. திருப்பூரில் மிஷின் ஓட்டியவர்கள் அழுதார்கள், கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அழுதார், மேடையில் எதிர்க்கட்சியைத் தாக்கிப் பேசிக்கொண்டிருந்தவர் தேம்பியதைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை அழுது சம்பந்தமே நின்றுபோனது, சிங்கப்பூர் ஆபீஸில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து முதலாளி லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போனைப் பார்த்தால் திரை மங்கியது, டிவியைப் பார்த்தால் டிவி மங்கியது, எதைப் பார்த்தாலும் கண்ணீரில் கரைந்துபோய், எல்லாருக்கும் ஒரே ஒரு இடம்தான் பளிச்சென்று தெரிந்தது. ஈரமான ஒரு முற்றம், வெங்காயக் குவியல், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தங்களையே பார்த்து நிற்கிற ஒரு பொம்பளை.

இப்போது பார்க்கிறார்கள் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தது. வெங்காயத்தை நிறுத்தாதே என்று தங்கப்பொண்ணுக்குச் சைகை காட்டிவிட்டு, சீனிச்சாமியைக் கூப்பிட்டாள். அவர் அதே கிழிந்த சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முற்றத்து நடுவில் மேடான இடத்தில் பாய் விரித்து அவரை உட்காரவைத்து, இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றினாள். அவர் பிசைந்து கவளம் எடுத்தார். மாடியில் நின்றவள் ஒருத்தி, பூரானுக்கு அச்சு அசலாக இருக்கிற காய்ந்த புளிய இலைக் கொத்து ஒன்றை நூலில் கட்டி மெதுவாக இலைமேல் இறக்கினாள். அத்தனை கண்ணும் அதைப் பார்க்கட்டும் என்று பஞ்சவர்ணம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு பாய்ந்து, அன்றைக்கு இழுத்த மாதிரியே இலையை இழுத்தாள், சீனிச்சாமி பதறிப் பாதி எழுந்தார், வெட்டிய இடம் வந்துவிட்டது.

பழக்கத்தில் கண்கள் அங்கேயிருந்து நழுவப் பார்த்தன. இமைகள் சோர்ந்து இறங்கின. தங்கப்பொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கூடை வெங்காயத்தை அப்படியே நசுக்கினாள். கண்கள் திடுக்கென்று விழித்துக்கொண்டன. பஞ்சவர்ணம் அவசரப்படவில்லை. இழுத்த இலையைச் சுவரோரமாகக் கொண்டுபோய், வரிசை வரிசையாக எல்லாக் கண்ணுக்கும் புளியங்கொத்தைக் காட்டி, கீழே போட்டு மிதித்தாள். திரும்பி வந்து சீனிச்சாமியின் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். புது இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, கூட்டு வைத்து, பொரியல் வைத்து, அப்பளம் வைத்து, சோறு வைத்து, அவர் போதும் போதும் என்று கையால் மறைக்க, இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சுருக்கவில்லை. சீனிச்சாமி பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, வாழை இலையைத் தன் பக்கமாக மடித்து, அவள் தலையில் கை வைத்தார்.

முதலில் மூடியது மச்சம் வைத்த கண். அப்புறம், சாயங்காலக் கடைத்தெருவில் ஷட்டர் இறக்குகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை வரிசையாக, சுவர் முழுக்க இமைகள் இறங்கின. சில கண்கள் வெட்கப்பட்டு டக்கென்று மூடிக்கொண்டன, சில தயங்கித் தயங்கி மூடின, அந்தச் சின்னப் பிள்ளைக் கண் பாயசத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு மூடியது. மூடிய இடமெல்லாம் வெறும் சுவராயிற்று. செட்டுப் பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டுக் குலவை போட்டார்கள், அந்தக் குலவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. பஞ்சவர்ணம் சந்தோஷத்தில் அழுதாளா வெங்காயத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர். அதைச் சொல்ல வாய் வராமல் ஆவணியில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது வருவீர்களா என்று கேட்டவர்கள்தான் நிறைய. கமிட்டிக்காரர்கள் இந்தத் தடவை வாசலைத் தாண்டி உள்ளே வந்து, உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்தார்கள். சுவரை மேலும் கீழும் பார்த்த ஒருத்தர் மட்டும், அடுப்புக்கு மேலே அது என்ன என்று கேட்டார்.

அங்கே ஒரு கண் மூடாமல் இருந்தது. வெங்காயத்துக்குக் கலங்கி, அழுது, எல்லாவற்றையும் பார்த்து, அப்படியும் மூடாத கண். புதுசாக ஒன்றைப் பார்த்தால்தானே மூடும், அது எல்லாவற்றையும் முதல் நாளே முழுசாகப் பார்த்த கண். யாருடையது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, பஞ்சவர்ணம் மட்டும் அந்தப் பேரை வாயால் சொல்லவில்லை. ஒரு கண்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கமிட்டியும் மோரோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

சரண்ராஜ் அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு திரிந்தான். கண்ணை மூடினாலும் அவனுக்குப் பஞ்சவர்ணத்தின் அடுப்புத்தான் தெரிந்தது. தாளிக்கிறது தெரிந்தது, பொங்குகிறது தெரிந்தது, வடிக்கிறது தெரிந்தது, வாசனை மட்டும் வரவில்லை. அவன் அம்மா வைக்கிற எதுவும் அவனுக்கு இறங்கவில்லை. பேஜை மூடிவிட்டான். ஆள் பாதியாகிவிட்டான்.

ஆடிக் கொடையன்று பொட்டல் நிரம்பியது. வெளியூரிலிருந்தும் சிவந்த கண்களோடு ஜனங்கள் வந்திருந்தார்கள். சோறு மலையாகக் குவிந்திருக்க, ரசத்தின் வாசனை கோயில் மணிக்கு மேலே ஏறி நிற்க, பஞ்சவர்ணம் ஒரு ராணி மாதிரி, சேலையைச் செருகிக்கொண்டு, பந்திக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பந்தி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நீளமான வரிசையின் கடைசியில் கூலிங்கிளாஸோடு ஒருத்தன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இலை போட்டாயிற்று, சோறு வைத்தாயிற்று, அவன் சாம்பாரைப் பிசைந்து கவளம் எடுத்தபோது பக்கத்து இலைக்காரன் அடையாளம் கண்டுவிட்டான். இவன்தான்டா அவன் என்று ஒரு குரல். அவ்வளவுதான், வரிசை சலசலத்தது, நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க சாப்பிட உக்காந்த, எழுந்திரிடா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்தியவர்கள் கையில் எல்லாம் போன் உயர்ந்தது. அழுது சிவந்த அதே கண்கள் போனுக்குப் பின்னால் இருந்து பளபளவென்று பார்த்தன. சரண்ராஜ் கையில் கவளத்தோடு பதறிப்போய்ப் பாதி எழுந்து நின்றான்.

பஞ்சவர்ணம் ரச வாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எல்லாரும் வழிவிட்டார்கள், அவள் பேசப்போகிறதைப் பிடிக்கப் போன்கள் அவள் பக்கம் திரும்பின. கடைசியில் அவனைத் திட்டுகிற உரிமை இந்த உலகத்தில் அவளுக்குத்தானே இருக்கிறது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவன் தோளில் கை வைத்து, கொஞ்சம் பலமாகவே, அழுத்தி உட்காரவைத்தாள்.

"என் பந்தியில உக்காந்தவன யாரும் எழுப்ப முடியாது," என்றாள். "அந்த மிஷினையெல்லாம் கீழ போடுங்க. நீங்களும் உக்காருங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பொட்டல் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு போனாகக் கீழே இறங்கியது, மடிக்குள்ளும் பைக்குள்ளும் போனது. கூலிங்கிளாஸுக்குக் கீழே இருந்து கண்ணீர் வடிந்து அவன் சோற்றில் விழுந்தது.

"அம்மா, நான் முழுசாப் பார்த்தேன்," என்றான். "புது இலை போட்டதையும் பார்த்தேன்."

"தெரியும். சோறு ஆறுது, சாப்பிடு."

சோற்றில் குழி பறித்து ரசம் ஊற்றினாள். அவன் சாப்பிட ஆரம்பித்தான். எத்தனையோ நாள் சாப்பிடாதவன், விக்கி விக்கி, நிதானமாக, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டான். வரிசையில் மற்றவர்கள் எல்லாம் மோர் வரைக்கும் முடித்துவிட்டார்கள். ஆனால் பந்தியில் ஒருத்தர் இலையில் கை இருக்கும்போது மற்றவர்கள் எழக்கூடாது என்பது ஈச்சங்குளத்தில் வழக்கம். சற்று முன்னால் எழுந்திரிடா என்று கத்தியவர்களும், கமிட்டிக்காரர்களும், மின்சார வாரியத்துக்காரரும், பூட்டுக்கடைச் சீனிச்சாமியும், அத்தனை பேரும் கையைக் காயவிட்டுக்கொண்டு, அவன் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் அவனுக்கு இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள். அதையும் அவன் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தான். அப்புறம்தான் ஈச்சங்குளம் எழுந்தது.